பதினோரு மீட்டரில் போன பட்டம்!

சனிக்கிழமை மத்தியானம். பையை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஆபீஸைவிட்டுக் கிளம்புகிற நேரம். மேனேஜர் கையில் ஒரு ஃபைலோடு வந்து நிற்கிறார். "இதை யாருப்பா முடிச்சுத் தர்றது?"

அந்த நிமிஷம் நம்ம ஆட்கள் முகத்தைப் பார்க்கணுமே! ஒருத்தருக்குத் திடீரென்று செருப்பு வார் அறுந்துபோகும். இன்னொருத்தர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவார். பெரிய இன்கிரிமென்ட் வாங்கின சீனியர், ஜன்னல் வழியாக வானிலை ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார். கடைசியில், எந்த வம்புக்கும் போகாமல் மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு மனுஷன், "கொடுங்க சார், நான் பார்க்கிறேன்" என்று எழுந்து வருவார்.

இதே காட்சி 1994 மே 14, சனிக்கிழமை ராத்திரி, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் நடந்தது. என்ன, ஃபைலுக்குப் பதில் ஒரு ஃபுட்பால். மேஜைக்குப் பதில் பெனால்ட்டி புள்ளி. எழுந்து வந்த மனுஷன் பெயர் மிரோஸ்லாவ் ஜுகிச்.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. "அதான் ரிசல்ட் தெரியுமே, திரும்பத் திரும்ப என்ன பார்வை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர். லா கொருன்யா. கலீசியா பிரதேசத்தின் கடற்கரை நகரம். ஜனத்தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சம். ரோமானியர்கள் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இன்னும் விளக்கேற்றிக்கொண்டு நிற்கிறது. ஆக்டோபஸை வேகவைத்து, மிளகாய்ப்பொடி தூவித் தட்டில் வைப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை. ரியாஸோர் என்று ஒரு பீச். அதை ஒட்டியே ரியாஸோர் ஸ்டேடியம். கோல்கீப்பர் ஒரு வேகத்தில் உதைத்தால் பந்தை அட்லாண்டிக்கில் தேடணுமோ என்று பயம் வரும் (கொஞ்சம் மிகைதான், விட்டுவிடுங்கள்).

அந்த ஸ்டேடியத்தின் சொந்தக்கார டீம், டெபோர்ட்டிவோ. செல்லமாக டெப்போர்.

நம் தெருவில் ஒரு கடை இருக்கும். எப்போது பார்த்தாலும் 'இந்த மாசத்தோட மூடிடுவாங்க' என்று பேச்சு அடிபடும். ஆனால் மூடாது. டெப்போர் அந்த ரகம். 1973-ல் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. எழவே இல்லை. 1988 மே மாசம் மூன்றாவது டிவிஷனுக்கே போயிருக்க வேண்டியது. கடைசி மேட்ச், கடைசி நிமிஷம், விசென்டே என்பவர் ஒரு கோல் போட்டுக் காப்பாற்றினார். அந்த ஊரில் இன்றைக்கும் 'விசென்டே கோல்' என்றாலே போதும், விளக்கம் தேவையில்லை.

அதே வருஷம் லென்டோய்ரோ என்பவர் கிளப்புக்குத் தலைவரானார். அதற்கு முன்னால் அவர் கட்டி வளர்த்தது என்ன தெரியுமா? ரோலர் ஹாக்கி கிளப்! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களை மேய்த்தவருக்கு, வெறும் காலில் ஓடுகிறவர்களா கஷ்டம்? வந்து உட்கார்ந்தார். கடன் மலை மாதிரி. ஆனால் வாய் அதைவிடப் பெரிசு. 1991 ஜூனில் முர்சியாவை 2-0 ஜெயித்து, பதினெட்டு வருஷத்துக்கப்புறம் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த மேட்ச் அன்றைக்கு ஸ்டேடியக் கூரை தீப்பிடித்து எரிந்தது வேறு கதை. லென்டோய்ரோ மாடத்தில் நின்று முழங்கினாராம்: "பார்சா, மாட்ரிட், நாங்க வந்துட்டோம்!"

பெரிய ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. அடுத்த வருஷமே டெப்போர் திரும்பக் கீழே விழ இருந்தது; பெடிஸ் டீமோடு ப்ளே-ஆஃப் ஆடி, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நின்றார்கள்.

அப்புறம்தான் 1992-ல் லென்டோய்ரோ பிரேசிலிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் பெபெட்டோ. இன்னொருவர் மௌரோ சில்வா. பெபெட்டோ முதல் சீசனிலேயே 29 கோல். லீகிலேயே அதிகம். டெப்போருக்கு மூன்றாவது இடம். ஸ்பெயின் முழுக்க 'சூப்பர் டெப்போர்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

இத்தனைக்கும் நடுவில் பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஆர்செனியோ இக்லேசியாஸ். கோச். பக்கத்து ஊரான ஆர்தெய்ஷோவில் பிறந்தவர். (உங்களில் சிலர் ஆசைப்பட்டு வாங்குகிற ஸாரா சட்டை இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸும் அதே ஆர்தெய்ஷோதான். அதன் முதல் கடையைத் திறந்தது 1975-ல், இதே லா கொருன்யாவில்.) ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'ஆர்தெய்ஷோ மந்திரவாதி'. வெள்ளைத் தலை. அறுபதைத் தாண்டிய வயசு. ஜெயித்தாலும் கவலைப்படுகிற முகம். பத்து மார்க் கூட வாங்கிவந்தால்கூட, "அடுத்த பரீட்சை எப்போ?" என்று கேட்கிற அப்பா மாதிரி. ஜனங்கள் ரொம்பக் குதித்தால் எச்சரிப்பார்: கொண்டாட அவசரப்படாதீங்க, மூக்குக்கு முன்னால வந்ததைக்கூடப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க என்கிற அர்த்தத்தில்.

பெரியவங்க பேச்சை யார் கேட்கிறார்கள்?

1993-94 சீசன் ஆரம்பித்தது. ஆர்செனியோவின் திட்டம் சிம்பிள். முதலில் வீட்டுக் கதவைப் பூட்டு. அப்புறம் வெளியே போய்ச் சம்பாதி. பின்வரிசையில் ஐந்து பேர். அவர்கள் முன்னால் மௌரோ சில்வா, பாறாங்கல் மாதிரி. கோலில் லியான்யோ. 38 மேட்சில் அந்த டீம் வாங்கிய கோல் மொத்தம் 18! இருபத்தாறு மேட்சில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 26 என்ற எண்ணை எட்டிப்பிடிக்க இன்னொரு கோல்கீப்பருக்கு 2023 வரைக்கும் ஆனது. பார்சிலோனாவின் டெர் ஸ்டெகன்.

எதிர்ப் பக்கம் அதே பார்சிலோனா. கோச் யோஹான் க்ரைஃப். ஸ்டாய்ச்கோவ், கூமன், லாவ்ட்ரப், இளைஞன் கார்டியோலா. போதாதென்று புதுசாக ரொமாரியோ. "முப்பது கோல் போடுவேன்" என்று வந்தவுடனே சொன்னார், சரியாக முப்பது போட்டார். நம் ஊரில் வாக்குறுதி கொடுக்கிறவர்கள் கவனிக்க. 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று துவைத்தார்கள், அதில் ரொமாரியோ மூன்று. ஆனால் இந்த மேதைகளுக்கு ஒரு வியாதி, திடீர் திடீரென்று தூங்கிவிடுவார்கள். பிப்ரவரியில் சரகோசாவிடம் 6-3 தோல்வி! அதற்கப்புறம் விழித்துக்கொண்டு துரத்த ஆரம்பித்தார்கள் பாருங்கள்... டெப்போருக்கு முதுகில் மூச்சுக் காற்று படுகிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள்.

டெப்போர் அடிக்கடி தோற்கவில்லை. ஆனால் 0-0, 0-0 என்று டிராக்கள் சேர ஆரம்பித்தன. கதவைப் பூட்டப் பழகியவனுக்குத் திறக்க மறந்துபோனால் அப்படித்தான்.

கடைசி நாள். டெப்போர் 55 பாயின்ட். பார்சிலோனா 54. அப்போதெல்லாம் ஜெயித்தால் இரண்டு பாயின்ட்தான். டெப்போர் ஜெயித்தால் சாம்பியன். சரித்திரத்தில் முதல் தடவை. டிரா செய்து, பார்சிலோனாவும் ஜெயித்துவிட்டால் இருவருக்கும் 56. அப்போது அவர்கள் தங்களுக்குள் மோதிய இரண்டு மேட்சைப் பார்ப்பார்கள். ரியாஸோரில் டெப்போர் 1-0. பார்சிலோனாவில் பார்சா 3-0. ஆக, கோப்பை பார்சாவுக்கு. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துத் தலையைச் சொறிவோமே, அந்த மாதிரி.

இன்னொரு பயமுறுத்தல் விஷயம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் பார்சிலோனா சாம்பியன் ஆனது கடைசி நாளில்தான். இரண்டு தடவையும் ரியல் மாட்ரிட் முதலிடத்தில் நின்றுகொண்டு டெனெரிஃபே தீவுக்குப் போனது, இரண்டு தடவையும் அங்கே தோற்றது. 1992-ல் 2-0 முன்னிலையில் இருந்து 3-2 தோல்வி. 1993-ல் 2-0. அடுத்தவன் கால் இடறுவதற்காகக் காத்திருப்பதில் பார்சாவுக்கு ராசி அப்படி.

டெப்போரின் எதிரி வாலன்சியா. சாம்பியன் பந்தயத்திலேயே இல்லாத டீம். சொந்த மைதானம். ஊரே வீதியில். ஜன்னல்களில் நீலமும் வெள்ளையும். மைதானத்தில் கண் ஆட்டத்தில், காது டிரான்சிஸ்டரில்.

டிரான்சிஸ்டர் முதலில் நல்ல சேதி சொன்னது. அங்கே கேம்ப் நூவில் செவிய்யா டீம் சிமியோனே, சூக்கர் புண்ணியத்தில் 2-1 முன்னிலை! இடைவேளையில் கணக்குப்படி டெப்போர்தான் சாம்பியன். இங்கே 0-0 என்றாலும் கவலை இல்லை.

இடைவேளைக்கப்புறம் டிரான்சிஸ்டருக்குப் பைத்தியம் பிடித்தது. 2-2. 3-2. 4-2. 5-2.

இப்போது ஒரு கோல் வேண்டும். ஒன்றே ஒன்று. எந்த டீம் 37 மேட்சில் 54 கோல் போட்டதோ, அதற்கு இன்னும் ஒரு கோல். வாலன்சியாவோ கோட்டைச் சுவர் கட்டிக்கொண்டு நிற்கிறது. நேரம் போகிறது. எழுபது. எண்பது. எண்பத்தைந்து. என் மாதிரி ஆட்கள் மைதானத்தில் இருந்திருந்தால் கக்கூஸில் போய் உட்கார்ந்திருப்போம்.

கடைசி நிமிஷம். இடப் பக்கத்திலிருந்து நான்டோ பாக்ஸுக்குள் நுழைகிறார். வாலன்சியாவின் செரேர் காலைப் போடுகிறார். நான்டோ விழுகிறார். விசில்!

பெனால்ட்டி!

ரியாஸோர் வெடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். கிழவர் சொன்ன மூக்கு விஷயம் யாருக்கு ஞாபகம் வரும்?

இங்கேதான் மேனேஜரும் ஃபைலும்.

டெப்போருக்கு வழக்கமாகப் பெனால்ட்டி அடிக்கிறவர் டொனாட்டோ. அவரும் பிரேசிலில் பிறந்தவர்தான். உதை சுத்தமாக இருக்கும், ஆனால் ஆளைக் காணோம்! நடுவிலேயே ஆர்செனியோ அவரை மாற்றிவிட்டார். வெளியே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பெயர்? பெபெட்டோ. ஊரின் தெய்வம். அந்த வருஷமும் 16 கோல். ஆனால் பெனால்ட்டியில் மட்டும் அவருக்குக் கை கொடுக்காத வருஷம். முன்பு தவறவிட்டதால்தான் வேலையே டொனாட்டோவுக்குப் போனது. பெபெட்டோ பந்துப் பக்கம் வரவில்லை.

வந்தவர் ஜுகிச்.

செர்பியாக்காரர். ஷாபாட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1990-ல், டெப்போர் இரண்டாவது டிவிஷனில் கிடந்தபோதே வந்து சேர்ந்தவர். பின்வரிசை ஆள். 18 கோல் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அந்தப் பூட்டுக்குச் சாவி இவரிடம்தான். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. அப்போது வயசு 28. அவர் நாட்டில் யுத்தம். தடை போட்டதால் யூகோஸ்லாவியா உலகக் கோப்பைக்கே போகமுடியவில்லை. பெபெட்டோவும் மௌரோ சில்வாவும் அடுத்த மாசம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவார்கள். இவருக்கு அந்தக் கோடையில் ஆட வேறு மேட்ச் இல்லை. இருந்தது இதுதான்.

வீடியோவில் நான் உற்றுப் பார்ப்பது உதையை அல்ல. அதற்கு முன்னால் சில விநாடிகள். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் வந்து நிற்கிறார். கன்னம் உப்புகிறது. மூச்சை வெளியே விடுகிறார். அந்த ஒரு மூச்சிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கும். முதல் இன்டர்வியூவில் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நாமும் அதே மூச்சைத்தான் விட்டோம்.

பதினோரு மீட்டர். ஓடி வந்தார். உதைத்தார். வேகம் இல்லை. மூலையும் இல்லை. வாலன்சியா கோல்கீப்பர் கொன்சாலஸ் சரியான பக்கம் விழுந்தார். பந்து ஏதோ கடன் திரும்பி வந்த மாதிரி அவர் கைக்குள் போய் அடங்கியது. எழுந்து முஷ்டியை மடக்கிக் குலுக்கினார் பாருங்கள்... அவருக்கு அது வேலை, சந்தோஷப்பட உரிமை உண்டு. ஆனாலும் அந்த முஷ்டியை லா கொருன்யாக்காரர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

0-0. விசில். 56-க்கு 56. பார்சிலோனா சாம்பியன், தொடர்ந்து நாலாவது வருஷம். கேம்ப் நூவில் பட்டாசு. ரியாஸோரில் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் குழந்தை மாதிரி அழுதார்கள்.

இந்த மேட்சைப் பற்றி யாரிடமாவது பேசினால் சண்டை நிச்சயம். "பெபெட்டோ ஓடிட்டான் சார்! அத்தனை சம்பளம் வாங்கறவன்தானே அடிக்கணும்?" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். மேலே சீனியரை நக்கல் அடித்தது அந்தப் பழைய கோபத்தில்தான்.

ஆனால் இரண்டு மாசம் தள்ளிப் பாருங்கள். 1994 ஜூலை 17. உலகக் கோப்பை ஃபைனல். பிரேசில், இத்தாலி. கோலே விழாமல் பெனால்ட்டிக்குப் போனது. பிரேசிலுக்கு ஐந்தாவது உதை யாருக்கு ஒதுக்கியிருந்தார்கள் தெரியுமா? பெபெட்டோவுக்கு! கோடிக்கணக்கான பேர் பார்க்கிற இடத்தில், கடைசி உதையை ஒத்துக்கொண்டு நடுக்கோட்டில் நின்றார். பாஜ்ஜியோ வானத்துக்கு அடித்துவிட்டதால் அவருக்கு வேலையே வரவில்லை. ஆக, மனுஷன் கோழை இல்லை. அந்த ராத்திரி, அந்தப் பந்தை அடித்தால் உள்ளே போகாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதை மறைக்காமல் விலகி நின்றார். இதைத் தப்பு என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. வேண்டுமானால் டொனாட்டோவை வெளியே எடுத்த கிழவரைக் கேட்கலாம். அவரைக் கேட்கவும் மனசு வரவில்லை.

பட்டம் ஜெயித்த பார்சிலோனா நாலே நாளில் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் ஆடியது. ஏசி மிலான் 4, பார்சிலோனா 0. லா கொருன்யாவில் அன்று யாரும் டி.வி.யை அணைத்திருக்க மாட்டார்கள்.

டெப்போர் உடைந்துபோகவில்லை. அடுத்த சீசனிலும் இரண்டாவது இடம். 1995 ஜூனில் ஸ்பெயின் கோப்பை ஃபைனல், மாட்ரிட்டில். எதிரி யார்? வாலன்சியாவேதான்! 1-1 என்று நிற்கும்போது வானம் பிளந்துகொண்டது. மழை, ஆலங்கட்டி. 79-வது நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மிச்சம் 11 நிமிஷத்துக்காக எல்லோரும் திரும்ப மாட்ரிட் வந்தார்கள். வந்தவுடனே ஆல்ஃப்ரெடோ தலையால் முட்டி ஒரு கோல். 2-1. கிளப் சரித்திரத்தில் முதல் பெரிய கோப்பை. மழை ஊர்க்காரர்களுக்கு மழையே கொடுத்த சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்செனியோ அதைக் கையில் வாங்கிக்கொண்டு டெப்போரைவிட்டு விடைபெற்றார். 2023 மே மாசம், 92-வது வயசில் காலமானார்.

ஜுகிச்? அந்த உதைக்கப்புறம் ஊரைவிட்டு ஓடவில்லை. இன்னும் மூன்று வருஷம் அங்கேயே ஆடினார். 1997-ல்தான் வேறு கிளப்புக்குப் போனார். எந்தக் கிளப் என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். வாலன்சியா! அங்கே 2002-ல் லீக் பட்டமும் வாங்கினார். அப்புறம் கோச் ஆனார். ஆனாலும் யார் பேட்டி எடுத்தாலும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு உதைக்குத்தான் வருகிறார்கள். பதினைந்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவனை, ஒரு நாள் லேட்டாக வந்ததை வைத்தே ஆபீஸ் ஞாபகம் வைத்திருக்குமே, அப்படி.

டெப்போரும் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 2011-ல் விழுந்தது, ஏறியது, 2013-ல் விழுந்தது, ஏறியது, 2018-ல் திரும்ப விழுந்தது. 2020-ல், விசென்டே 1988-ல் தடுத்த அதே மூன்றாவது டிவிஷனுக்கே போய்விட்டது. அங்கிருந்து 2024-ல்தான் வெளியே வந்தார்கள். அந்த வருஷங்களிலும் ரியாஸோருக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

நடுவில் ஒரு வருஷத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

2000 மே 19. மறுபடி கடைசி நாள். மறுபடி ரியாஸோர். மறுபடி டெப்போர் முதலிடம், துரத்துவது பார்சிலோனா. இப்போது கோச் இருரேட்டா. கோல் போட மக்காய், வித்தை காட்ட ஜல்மின்யா. எதிரி எஸ்பான்யோல். ஒரு டிரா போதும், ஆனால் ஆறு வருஷத்துக்கு முந்தின ராத்திரியை மறந்தவர் ஸ்டேடியத்தில் எவரும் இருந்திருக்க மாட்டார். அன்று ஆடிய டீமிலிருந்து ஃபிரான், மௌரோ சில்வா, டொனாட்டோ மூவரும் இன்னும் இருந்தார்கள்.

ஆம், அதே டொனாட்டோ. பெனால்ட்டி நேரத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர். இப்போது வயசு 37.

மூன்றாவது நிமிஷம். ஒரு பந்து பாக்ஸுக்குள் உயர்ந்து வந்தது. டொனாட்டோ எகிறித் தலையைக் கொடுத்தார். கோல்! பின்னால் மக்காய் இன்னொன்று போட்டார். 2-0. டெப்போர் 69 பாயின்ட்டோடு சாம்பியன். பார்சிலோனா இரண்டாவது. ஜுகிச் ஆடிய வாலன்சியா மூன்றாவது.

பெனால்ட்டி வரைக்கும் எல்லாம் டொனாட்டோ இந்தத் தடவை காத்திருக்கவே இல்லை.